சாபமும் நாவேறும்: தமிழ்க் கிறிஸ்தவத்தின் ஓர் உள்வரலாறு

கண்ணேறு என்றால் எல்லோருக்கும் தெரியும். அதற்கு இணையான நாவேறு என்ற சொல் மட்டும் மெல்ல வழக்கொழிந்து வருகிறது. பிறர் பார்வை பட்டால் கேடு வரும் என்று நம்பிய அதே மனம், பிறர் வாயில் விழுந்தாலும் கேடு வரும் என்று நம்பியது. சபிப்பதும் ஏசுவதும் அவதூறு பேசுவதும் அந்த மனத்துக்கு வெவ்வேறு செயல்கள் அல்ல. ஒரே நஞ்சின் வெவ்வேறு அளவுகள். ‘அவள் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்’ என்று கிராமத்தில் ஒருவர் சொன்னால், அது வெறும் கோபத்தின் வருணனை அன்று. அதன்பின் அந்த வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த மண்தான் காரணமாகும்.

இந்த அச்சத்தைப் படிப்பில்லாதவர்களின் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. மேற்கு மாம்பலத்தில் வேதமும் கணினியும் ஒருங்கே கற்ற குடும்பங்கள் வாழும் தெருக்களில், எழும்பும் ஒவ்வோர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முன்னும் நாக்கை நீட்டிய திருஷ்டிப் பொம்மை தொங்குகிறது. அமாவாசைக்கு மறுநாள் ஆரிய கௌடா சாலையில் உடைந்த பூசணிக்காய்களைத் தாண்டாமல் இருசக்கர வாகனம் ஓட்டுவது கடினம். நம் நண்பர் குழுவில் பல சமயத்தாரும் எச்சமயமும் சாராதவரும் இருக்கிறோம். ஆயினும் புது வீட்டு வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்ட வேண்டாம் என்று மனைவியிடம் துணிந்து சொன்னவர் எங்களுள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு விடை சற்றுச் சங்கடமானது.

இலக்கியம் இந்த அச்சத்துக்கு அப்பாற்பட்டு நின்றதா என்றால், அதுவும் இல்லை. நம் பாட்டியல் நூல்களைப் புரட்டினால், பாட்டுடைத் தலைவன்மீது பாடும் புலவன் முதற்சொல்லில் பார்க்கவேண்டிய பத்துப் பொருத்தங்கள் வரிசையாக வருகின்றன. மங்கலம், சொல், எழுத்து, தானம் என்று தொடங்கிக் கணம் வரை போகும் பட்டியல் அது. எழுத்துகளையே அமுத எழுத்து, நச்செழுத்து என்று பிரித்திருக்கிறார்கள். நச்செழுத்தைப் பிழையாக வைத்தால் பாடப்பட்டவனுக்குத் தீங்கு நேரும். குணவீர பண்டிதரின் வச்சணந்தி மாலை போன்ற நூல்கள் இதனை இலக்கணமாகவே விதித்தன. ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல் பாட்டுக்கும் பொருத்தம் பார்த்த மொழி நம்முடையது.

இவ்வச்சத்தின் உச்சம் அறம் பாடுதல். மூன்றாம் நந்திவர்மப் பல்லவன்மீது பாடப்பட்ட நந்திக்கலம்பகத்தைப் பற்றிய கதையை வாசகர் அறிவர்: பாட்டுக்கொரு பந்தலாக எரிந்துகொண்டே வர, இறுதிப் பாட்டைச் சிதைமேல் கிடந்து கேட்டு மன்னன் உயிர்விட்டான் என்பது மரபு. வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை; ஏற்கவும் தேவையில்லை. நமக்கு வேண்டியது, சொல்லால் கொல்ல முடியும் என்று ஒரு சமூகம் முழுதாக நம்பியதற்கான சான்று மட்டுமே. காளமேகத்தின் வசைப்பாட்டுக்கு அஞ்சி ஊரே நடுங்கியதாகச் சொல்லப்படும் கதைகளும் இவ்வகையின.

இத்தகைய நிலத்தில் 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடிக் கடற்கரையில் சீகன்பால்கு இறங்கினார். அவர் கொண்டுவந்த நூலுக்குள்ளும் சாபங்கள் நிறைந்திருந்தன என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். விவிலியம் சாபமற்ற நூல் அன்று. எலிசாவின் சாபம் பிள்ளைகள்மேல் கரடிகளை ஏவியது. இயேசுவே ஓர் அத்திமரத்தைச் சபித்தார். நூற்றொன்பதாம் சங்கீதத்தை எந்த அறம் பாடிய புலவனும் பொறாமையோடு வாசிப்பான். ஆனால் அந்நூலுக்குள்ளேயே இதற்கு எதிரான ஓர் ஓட்டமும் உண்டு. அதன் முதற்பெரும் கதை பிலேயாமுடையது. மோவாபின் அரசன் பாலாக், இஸ்ரவேலரைச் சபிக்கும்படி பிலேயாம் என்னும் மந்திரச்சொல்லாளனைக் கூலிக்கு அமர்த்துகிறான். வழியில் அவனுடைய கழுதை அவனைவிடத் தெளிவாகப் பார்க்கிறது, பேசவும் செய்கிறது. மலைமேல் ஏறிச் சபிக்க வாய் திறந்தவனின் வாயிலிருந்து வாழ்த்தே வருகிறது. இடத்தை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தும் பாலாக்குக்குப் பயனில்லை. அறம் பாட அழைத்த புலவன் பிள்ளைத்தமிழ் பாடிவிட்டுப் போனதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கதையில் உள்ள நகைச்சுவையே அதன் இறையியல். கூலிக்குப் பேசும் வாய்க்குச் சொந்த வலிமை கிடையாது. நீதிமொழிகள் நூல் இதையே சுருக்கி, காரணமற்ற சாபம் அலைந்து திரியும் குருவியைப்போல் எங்கும் தங்காது போய்விடும் என்ற பொருளில் கூறும்.

இரண்டாவது கதை தாவீதுடையது. அது நம் கிராமத்துக்கு இன்னும் நெருக்கமானது. மகன் அப்சலோம் கலகம் செய்ய, அரியணை இழந்து வெறுங்காலோடு தாவீது ஓடுகிறான். சீமேயி என்பவன் மலைச்சரிவில் கூடவே நடந்து, கல்லெறிந்து, மண்ணை வாரித் தூற்றி, இரத்தப்பிரியனே என்று சபிக்கிறான். ஆம், மண்ணை வாரித் தூற்றுகிறான். இந்த இடத்தில் தமிழ் வாசகனுக்கு அடிக்குறிப்பு வேண்டாம். படைவீரன் ஒருவன் அவன் தலையைக் கொய்ய அனுமதி கேட்கிறான். தாவீது மறுத்து, அவன் தூற்றட்டும், இந்தச் சாபத்துக்குப் பதிலாக எனக்கு நன்மை வரலாம் என்கிறான். நேரிய கண்டனத்தில் பாதியும் அநீதியான வசையில் பாதியும் கலந்த சொற்களை ஒருவன் பதற்றமின்றிக் கேட்டபடி நடக்கும் அக்காட்சி, பழைய இலக்கியங்களில் அரியது. (அதே தாவீது மரணப்படுக்கையில், சீமேயியைச் சும்மா விடாதே என்று மகன் சாலொமோனிடம் சொல்லிவிட்டுத்தான் சாகிறான். விவிலியத்தின் ஆசிரியர்கள் இதை மறைக்கவில்லை. எங்களுக்கு அவர்கள்மீது மதிப்பு கூடியதற்கு இதுவும் காரணம்.)

சீகன்பால்கு வந்த ஏழாண்டுகளில், 1713இல், தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளியைப் பற்றி ஒரு நூல் எழுதி முடித்தார். கிராமத் தெய்வங்களும் பேய்களும் அதில் இடம்பெற்றன. ஐரோப்பாவில் அவருடைய மேலிடத்தார் அதை அச்சிட விரும்பவில்லை. பேய்களின் பெயர்ப்பட்டியலைப் பரப்புவதற்காக அவரை அனுப்பவில்லை என்பது அவர்கள் எண்ணம். அந்நூல் ஒன்றரை நூற்றாண்டு உறங்கி, 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. இன்று தமிழ் நாட்டார் வழக்காற்றை ஆய்பவர்களுக்கு அது ஒரு புதையல்.

ஆனால் சாபத்தின் அச்சமும் புதிய நம்பிக்கையும் உண்மையில் மோதிய களம் தரங்கம்பாடி அன்று, திருநெல்வேலியின் தேரிக்காடு. பனைத்தொழில் செய்த மக்களிடையே 1797க்குப் பின் பெருந்திரளாக மதமாற்றம் நிகழ்ந்தது. தஞ்சையிலிருந்து அனுப்பப்பட்ட சத்தியநாதனும், அப்பகுதியிலேயே பிறந்த சுந்தரானந்தம் தாவீதும் இதற்குக் காரணமானவர்கள். மாறியவர்கள் அடிக்கப்பட்டனர், வீடுகள் எரிக்கப்பட்டன. அவர்களுக்கென்று 1799இல் தனியே நிலம் வாங்கி ஓர் ஊர் உண்டாக்கப்பட்டது. முதலில் உண்டான ஊர் ஆதலால் முதலூர் என்று பெயர். இன்றைக்கு மஸ்கோத்து அல்வாவால் அறியப்படும் முதலூர் அதுவே.

அந்த மக்கள் எதற்கு அஞ்சினார்கள்? பனை ஐம்பது அறுபது அடி உயரம். நாளொன்றுக்கு இருமுறை பல மரங்களில் ஏறி இறங்குபவனுக்கு மரணம் எப்போதும் ஒரு பிடி தளர்வில் இருக்கிறது. வீழ்ந்து இறந்தவன் பேயாவான், கொலையுண்டவன் மாடனாவான், பிரசவத்தில் இறந்தவள் இசக்கியாவாள். நா. வானமாமலையும் அவருக்குப் பின் வந்தோரும் தொகுத்த கதைப்பாடல்களைப் படித்தவர்கள், தென்பாண்டித் தெய்வங்களில் பெரும்பாலோர் அநியாயமாகச் செத்தவர்கள் என்பதைக் கவனித்திருப்பர். முத்துப்பட்டன் பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களை மணந்து, ஆநிரை காக்கப் போய்க் கொலையுண்டவன். இப்படிச் செத்தவர்களின் சாபத்துக்கு ஊர் அஞ்சியது; அஞ்சியதால் பொங்கலிட்டது.

இங்கே நாம் நிதானிக்க வேண்டும். சாபம் வெறும் மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. கச்சேரியும் கொத்தவாலும் மேல்சாதியின் பக்கம் நின்ற காலத்தில், எளியவன் கையில் எஞ்சியிருந்த ஆயுதம் வயிற்றெரிச்சல் ஒன்றுதான். கூலியை அமுக்கிய பண்ணையாரை எந்த நீதிமன்றமும் தொடாது; ஆனால் கிழவி தெருவில் நின்று மண்ணை வாரி எறிந்தால் அவருக்கும் அன்றிரவு உறக்கம் கெடும். பேயை விரட்டினால் பேய் நினைவூட்டிய கொலையும் மறந்துபோகும் ஆபத்து உண்டு. மிஷனரிகளின் அறிக்கைகளில் இந்த எண்ணத்தை நாங்கள் தேடியும் காணவில்லை. அவர்களுக்குப் பேய் என்பது பொய் அல்லது பிசாசு. நீதி கேட்கும் குரல் அன்று.

எனினும் மாறியவர்களின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு. ஆயுதம் எளியவனுடையது என்றாலும், அதன் காயம் பெரும்பாலும் எளியவன்மீதே பட்டது. பண்ணையார் பரிகாரம் செய்துகொள்வார். ஆடும் கோழியும் கொடுக்க முடியாத பனையேறியே நடுச்சாமத்தில் நடுங்குவான். பேய்க்கோயிலின் பீடத்தைத் தன் கையால் இடித்துவிட்டு மறுநாள் உயிரோடு எழுந்த மனிதனின் விடுதலையை எந்த இறையியல் நூலும் அவனுக்குக் கற்பிக்கவேண்டியதில்லை. அந்த விடுதலை கிறிஸ்தவத்தின் தனியுடைமையும் அன்று. சற்றுத் தெற்கே, அதே சமூகச் சூழலில், வைகுண்டசாமி தம் அடியாரிடமிருந்து பேய்களின் வலிமையை எரித்தழித்ததாக அய்யாவழியினர் நம்புகின்றனர். ஒரே தாகத்துக்கு இரண்டு கிணறுகள்.

அச்சம் முற்றிலும் போய்விட்டதா? இல்லை. கொள்ளைநோய்க் காலங்களில் பலர் பழைய பீடங்களுக்குத் திரும்பினர். கத்தோலிக்கத்தில் புளியம்பட்டி அந்தோனியார் கோயில் போன்ற தலங்கள் பேய்பிடித்தவர்களின் புகலிடங்களாயின. இன்றோ தலைமுறைச் சாபம் என்றும் சாபக்கட்டு என்றும் சொல்லி, அவற்றை முறிக்கச் சிறப்பு ஜெபங்கள் நடத்தும் மேடைகள் நகரெங்கும் இருக்கின்றன. தாத்தா பேய்க்குக் கொடுத்த பலியின் சாபம் பேரனின் வேலைவாய்ப்பைத் தடுக்கிறது என்று அங்கே சொல்லப்படுகிறது. முதலூரின் முன்னோர் இடித்த பீடத்தை ஒலிபெருக்கி வைத்து மறுபடி கட்டுவதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

தேரிக்காட்டில் நடந்ததை இலக்கியமாக்கியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். (பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இருவரையும் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.) 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதில் சுவார்ட்ஸ் பாதிரியாரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் சுவார்ட்ஸின் நிழலில் வளர்ந்தவரே. குறவஞ்சியையும் நொண்டி நாடகத்தையும் எடுத்துக் கிறிஸ்தவப் பொருளில் பாடிய சாஸ்திரியார், நாள், கோள், சகுனம், சூனியம் ஆகியவற்றின் மீதான அச்சத்தை எள்ளி நகையாடச் சாஸ்திரக்கும்மியை எழுதினார். வடிவத் தேர்வைக் கவனியுங்கள். பிரசங்கமாகவோ கண்டன நூலாகவோ எழுதாமல், பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடும் கும்மியில் எழுதினார். பல்லி சொல்லுக்கும் பூனை குறுக்கிட்டதற்கும் வீட்டில் யார் அதிகம் அஞ்சினார்கள், அந்த அச்சத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டியவர்கள் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அச்சத்தை வாதத்தால் அல்ல, சிரிப்பால் கரைக்க முயன்ற முதற்சில தமிழ் நூல்களுள் இதுவும் ஒன்று. சித்தர் பாடல்களின் சூடு இதில் இல்லை. வீட்டுக்கூடத்துக் கேலி இருக்கிறது.

ஆனால் சகுனத்துக்கு அஞ்சாத சாஸ்திரியாரைச் சக கிறிஸ்தவர்களின் வசை வாட்டியெடுத்தது. 1820களில் வந்த புதிய மிஷனரிகள் பழைய தமிழ் வேதமொழிபெயர்ப்பைத் திருத்த முனைந்தனர். கோயிலில் சாதிப்பிரிவு கூடாதென்றனர். திருமணத்தில் பூமாலை வேண்டாமென்றனர். தமிழ்ப் பாடல்களையும் கட்டுப்படுத்தினர். சாஸ்திரியார் நான்கையும் எதிர்த்தார். 1829இல் பூசல் முற்றி, மிஷனில் அவருக்கிருந்த இடம் போயிற்று. சரபோஜியின் ஆதரவே அவரைத் தாங்கியது. இந்த வரலாற்றை டென்னிஸ் ஹட்சன் விரிவாக எழுதியிருக்கிறார். சாஸ்திரியார் தம்மை அநீதியாகத் தூற்றப்பட்டவராகவே கருதினார். எங்கள் தீர்ப்பு சற்று மாறுபடும். பாட்டிலும் பூவிலும் அவர் பக்கமே நியாயம். மொழிபெயர்ப்பில் இரு பக்கமும் பேசலாம். சாதியில் மிஷனரிகள் பக்கமே நியாயம். சகுனங்களைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவருக்குத் தீட்டைப் பார்த்துச் சிரிக்கத் தெரியவில்லை. தன்மீது வரும் கண்டனம் எல்லாம் அநீதியானது என்று கொள்ளும் வசதி, நம்பிக்கையாளர்களுக்கு எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இதற்கு நேரெதிரான ஒரு நிகழ்ச்சி அடுத்த தலைமுறையில் நடந்தது. இராபர்ட் கால்டுவெல் 1841இல் இடையன்குடியில் குடியேறி, 1849இல் ‘திருநெல்வேலிச் சாணார்கள்’ என்ற ஆங்கிலச் சிறுநூலை வெளியிட்டார். ஒப்பிலக்கணம் எழுதிய பேரறிஞரின் புகழுக்கு அது ஒரு கறை. தாம் ஊழியம் செய்த மக்களையே அறிவிலும் நாகரிகத்திலும் தாழ்ந்தவர்களாக, பேய்களுக்கு அடிமைப்பட்டவர்களாக அவர் இங்கிலாந்து வாசகருக்குச் சித்திரித்தார். நன்கொடை திரட்ட அந்தச் சித்திரம் உதவியிருக்கலாம். ஆனால் ஆங்கிலம் கற்ற அம்மக்களின் பிள்ளைகள் ஒருநாள் அதைப் படிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

படித்தவர்களுள் ஒருவர் சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம். மிஷன் பணியில் இருந்து, ஐரோப்பியப் பாதிரியாரோடு முரண்பட்டு வெளியேற்றப்பட்டவர். 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபையைத் தோற்றுவித்தார். வெள்ளையர் துணையும் பணமும் இல்லாத, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட, தூபம் காட்டும் சபை அது. கால்டுவெல்லின் கூற்றுகளை மறுத்து எழுதியதோடு, ஐரோப்பியக் கிறிஸ்தவமே விவிலியத்திலிருந்து வழுவியது என்று திருப்பியடித்தார். அவருடைய வரலாற்று வாதங்களில் பல இன்று நிற்காது. சாதிப்பெருமையும் அவற்றில் கலந்திருந்தது. ஆனால் அவர் செய்த ஒன்றை மறுக்க முடியாது. பேயின் சாபத்திலிருந்து விடுவித்தவர்களின் நாவேற்றிலிருந்தும் விடுபட, அதே விவிலியத்தையே கையில் எடுத்தார். நாடார் சமூகத்தின் எதிர்ப்பு பிற்பாடு மனுக்களாகப் பெருகி, கால்டுவெல்லின் இறுதி ஆண்டுகளை அமைதியற்றதாக்கியது.

மேற்கு மாம்பலத்திலிருந்து அரைமணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய இடத்தில் இந்த வரலாற்றின் இன்னொரு முடிச்சு இருக்கிறது. மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில் 1858 ஏப்ரலில் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். திருநெல்வேலிக் கரையிருப்பில் 1827இல் பிறந்த வைணவ வேளாளர், கம்பனில் தோய்ந்தவர், சாயர்புரத்தில் மிஷன் பள்ளித் தமிழாசிரியர். சொந்த ஊரில் நடந்திருக்கவேண்டிய சடங்கு முந்நூற்றைம்பது மைலுக்கு அப்பால் நடந்ததற்கு உறவின் கொந்தளிப்பே காரணம். குலத்தைக் கெடுத்தவன் என்ற பேச்சு ஒரு வேளாளனுக்கு எந்தச் சூனியத்தையும்விடக் கொடியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது அவரும் கேட்டு வளர்ந்த பழமொழியாகத்தான் இருக்கும்.

அவர் பன்யனின் மோட்சப் பயணத்தைத் தழுவி எழுதிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வந்தது. பன்யன் அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டு கிடந்தவர். பொய்ச்சாட்சியை அவர் நன்கறிவார். மாயச்சந்தையில் நேர்மையாளன் ஒருவன்மீது பொறாமையும் மூடபக்தியும் முகத்துதியும் வரிசையாகச் சாட்சி சொல்லும் வழக்குக் காட்சி அந்த அனுபவத்தின் விளைச்சல். கிருஷ்ண பிள்ளை இவ்வுருவகங்களைத் தமிழாக்கியதோடு நில்லாமல், மூலத்தில் இல்லாத ஒரு பகுதியைச் சேர்த்தார். இயேசுவின் பாடுகளை விரித்துரைக்கும் இரட்சணிய சரிதப் படலம் அது. காப்பியத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

அப்படலத்தைச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். இரண்டிலும் ஆராயாத தீர்ப்பு. இரண்டிலும் குற்றமற்றவனின் மரணம். இரண்டிலும் ஆட்சியாளன் ஒருவனின் தடுமாற்றம். பாண்டியன் தன் பிழையை உணர்ந்து வீழ்ந்த பின்னும் கண்ணகியின் சினம் ஆறவில்லை. வஞ்சினம் கூறி மதுரையை எரித்தாள். தமிழ்க் காப்பிய மரபு அறிந்த நீதி அதுதான். அநியாயம் ஒரு சாபத்தைக் கோருகிறது, சாபம் ஒரு நகரைக் கோருகிறது. அந்த மரபில் ஊறிய கிருஷ்ண பிள்ளை, கம்பனிடமிருந்து பெற்ற விருத்தத்தின் முழு ஓசையையும் திரட்டிக்கொண்டு, அதே கட்டத்துக்கு வந்து சேர்கிறார். வசையும் உமிழ்நீரும் அடியும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. கேட்பவன் அடுத்த அடியில் நெருப்பை எதிர்பார்க்கிறான். அடிபட்டவனோ அடித்தவர்களை மன்னிக்கும்படி தந்தையிடம் மன்றாடுகிறான். ஓசை குறையவில்லை, வேகம் தளரவில்லை. சாபம் வரவேண்டிய சீர்களில் வாழ்த்து வந்து அமர்கிறது. பிலேயாமின் வாயில் நகைச்சுவையாக நிகழ்ந்தது, இங்கே துயரமாக நிகழ்கிறது.

1900 பிப்ரவரியில் கிருஷ்ண பிள்ளை மறைந்தார். தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் அவருக்குக் கிறிஸ்தவக் கம்பர் என்ற ஒற்றைப் பட்டமும் அரைப்பக்கமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இரட்சணிய சரிதப் படலத்தை மட்டுமாவது தனியே எடுத்து, சமயப் பாடமாக அன்றி, வழக்குரை காதையைப் படிக்கும் அதே கண்ணோடு ஒருமுறை உரக்க வாசித்துப் பார்க்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறோம்.